அப்பா ஏன் அதை நம்புகிறார்? தடுப்பூசி, வாட்ஸ்அப், சதிக் கதைகள் பற்றி ஒரு பதில்

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் அப்பா ஓய்வுபெற்ற பொறியாளர். கணக்கில் கெட்டி, லேசில் ஏமாறாதவர். அப்படிப்பட்டவர், கொரோனா தடுப்பூசி என்பதே உலக மக்கள்தொகையைக் குறைக்கச் சில பெரும் பணக்காரர்கள் போட்ட திட்டம் என்று நம்புகிறார். இப்போது உங்கள் கைக்குழந்தைக்கும் எந்த ஊசியும் வேண்டாம் என்கிறார். “இவ்வளவு படித்தவர் இதை எப்படி நம்புகிறார்? இணையம்தான் காரணமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு கேள்விக்கும் பின்னால் நீங்கள் எழுதாத இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அப்பாவோடு சண்டை போடாமல் குழந்தைக்கு எப்படி ஊசி போடுவது என்பதுதான் அது. மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் சமூக மருத்துவம் படித்தவன். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசித் திட்டங்களிலும் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். உளவியல் என் துறை இல்லை. ஊசியை மறுக்கும் பெற்றோரோடு தினமும் பேச வேண்டியிருந்ததால் அந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தேன், அவ்வளவுதான். அதனால் களத்தில் பார்த்ததை உறுதியோடும், ஆய்வுகள் சொல்வதை அவற்றுக்கு உரிய எச்சரிக்கையோடும் சொல்கிறேன்.

படிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். சராசரியாகப் பார்த்தால், அதிகம் படித்தவர்கள் சதிக் கதைகளைக் கொஞ்சம் குறைவாகத்தான் நம்புகிறார்கள். பல நாடுகளில், பல ஆய்வுகளில் இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. படிப்பு கவசம் ஆகிவிடாது. கெட்டிக்காரர்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தை, ஏற்கெனவே நம்புவதற்கு ஆதாரம் திரட்டவே செலவழிக்கிறார்கள் என்றும் ஒரு கருத்து உண்டு. நான் பேசிப் பார்த்த சிலருக்கு அது அப்படியே பொருந்தும். ஆய்வுகளில் ஒருமுறை அப்படி வருகிறது, இன்னொருமுறை வருவதில்லை. எனவே அதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைவிட அடிப்படையான ஒன்று இருக்கிறது. நமக்குத் தெரியும் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, யாரோ சொல்லி நாம் ஏற்றுக்கொண்டதுதான். தட்டம்மை வைரஸை நான் என் கண்ணால் பார்த்ததில்லை. ஊசி எப்படி வேலை செய்கிறது என்பதை நானே சோதித்துக் கண்டுபிடிக்கவும் இல்லை. என் ஆசிரியர்களை நம்பினேன், அவர்கள் வேறு யாரையோ நம்பினார்கள். ஒருவரையொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு அந்த வரிசையில் இருக்கிறது, அதனால் அது உறுதியாக நிற்கிறது. உங்கள் அப்பாவும் ஒரு வரிசையை நம்புகிறார். பழைய சக ஊழியர், நடைப்பயிற்சி நண்பர், உறவினர் குழு, எல்லோருக்கும் பின்னால் யாரென்றே தெரியாத ஒரு குரல்பதிவு. அவருடைய மூளை பழுதாகிவிடவில்லை. எந்த வரிசையை நம்புவது என்ற இடத்தில்தான் அவர் பிரிந்து போயிருக்கிறார். இதை நீங்கள் மனதார ஏற்றுக்கொண்டால், அவரோடு பேசும் தொனியே மாறிவிடும்.

ஒருவர் ஏன் அந்த இரண்டாவது வரிசைக்குப் போகிறார்? உளவியலாளர்கள் பொதுவாக மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள். நடப்பது ஏன் என்று புரிய வேண்டும். நிலைமை கைமீறவில்லை என்ற தெம்பு வேண்டும். தான் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன், அதில் தனக்கு மதிப்பு உண்டு என்ற உணர்வும் வேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் பறிபோன காலம் அது. வீட்டை விட்டு வெளியே போக முடியவில்லை, செத்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, இன்று சொன்ன விதி நாளை மாறியது. வேலையில் இருந்தவரை நாலு பேர் யோசனை கேட்டு வந்த மனிதருக்கு, ஓய்வுக்குப் பிறகு கைபேசி மட்டுமே துணை என்றால், “உங்கள் குடும்பத்தைக் காப்பாற்ற இதைப் பகிருங்கள்” என்று வரும் செய்தி அவருக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது. அவருக்கு இதுதான் நடந்தது என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஓய்வுபெற்ற பலரிடம் நான் கண்டது முட்டாள்தனம் இல்லை. பேரப்பிள்ளைகள் மீது இருந்த கவலை, போக வழி தெரியாமல் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

நடிகர் விவேக் அவர்களின் மறைவை இங்கே சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் தடுப்பூசிப் பயத்தைப் பற்றிப் பேசும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. 2021 ஏப்ரல் 15ஆம் தேதி அவர் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் நினைவிழந்து விழுந்தார். 17ஆம் தேதி அதிகாலையில் இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் ஒன்றில் முழு அடைப்பு இருந்தது என்று சிகிச்சையளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்கு அடிப்படையான கொழுப்புப் படிவு பல ஆண்டுகளாகச் சேர்வது, ஊசி போட்ட ஒரே நாளில் உருவாவது அல்ல. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும், அந்த மரணத்துக்கு ஊசி காரணமில்லை, அது தற்செயலாக உடன் நிகழ்ந்தது என்ற முடிவைப் பின்னர் தெரிவித்தது.

ஆனால் சாதாரண மனிதர் கண்ணுக்குத் தெரிந்தது என்ன? வியாழக்கிழமை ஊசி, சனிக்கிழமை மரணம். முந்தியது பிந்தியதற்குக் காரணம் என்று எண்ணுவது மனித மூளையின் பழைய பழக்கம். பெரும்பாலான நேரம் அது நமக்கு நல்லதே செய்திருக்கிறது. இங்கேதான் எண்ணிக்கை குறுக்கே வருகிறது. ஒரு நாட்டில் தினமும் லட்சக்கணக்கானோருக்கு ஊசி போடும்போது, எப்படியும் அந்த வாரத்தில் மாரடைப்பு வரவிருந்த சிலரும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள். ஊசி போடாத வாரத்திலும் அதே அளவு மாரடைப்பு வந்ததா என்று ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அந்த ஒப்பீட்டை நம் கண் தானாகச் செய்யாது. போதாதற்கு, தமிழ்நாடே நேசித்த ஒரு மனிதரின் இழப்புக்கு “ரத்தக்குழாய் அடைப்பு” என்ற காரணம் மனதுக்கு மிகச் சிறியதாகப் பட்டது. பெரிய துயரத்துக்குப் பெரிய காரணம் தேடுகிறோம். அந்த வாரங்களில் ஊசி முகாமுக்கு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வியே அவரைப் பற்றித்தான். அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து நான் சொல்வது என் துறைக்காரர்கள் சிலருக்குப் பிடிக்காது. சதிக் கதைகள் பலவற்றின் அடியில் ஓர் உண்மை விதை இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிஃபிலிஸ்) இருந்த ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு வேண்டுமென்றே சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்களே கவனித்துக்கொண்டிருந்தார்கள். 2011இல் ஒசாமா பின்லேடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் ஆள் அனுப்பியது. அதன் பழியை அங்கே போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன அப்பாவிப் பணியாளர்கள் சுமந்தார்கள். இனித் தடுப்பூசித் திட்டங்களை இப்படிப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014இல் அமெரிக்க அரசே சொல்ல வேண்டி வந்தது. நம் நாட்டில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தார்கள். அதில் எத்தனையோ பேர் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். உங்கள் அப்பா அப்போது விடலைப் பையனாக இருந்திருப்பார். “ஊசி போட்டு மலடாக்குகிறார்கள்” என்ற பயம் வானத்திலிருந்து விழவில்லை.

தமிழ்நாட்டுக்கே வருவோம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு, மருத்துவர் இருக்கும் இடத்தில்தான் ஊசி போட வேண்டும் என்று ஏற்பாடு மாறியது. கிராமத்துக்கே செவிலியர் வந்து ஊசி போடுவது நெடுங்காலம் தடைபட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளையும் போட்டிருந்த குழந்தைகளின் விகிதம் தமிழ்நாட்டில் 2005-06இல் சுமார் 81 சதவீதம். 2015-16இல் சுமார் 70 சதவீதம். இந்தச் சரிவு முழுவதுக்கும் அந்தச் சம்பவம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் நான் போன ஊர்களில் தாய்மார்களுக்கு அது நினைவில் இருந்தது.

அந்த நினைவின் மேல்தான் 2017 பிப்ரவரி வந்து விழுந்தது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கான தட்டம்மை, ரூபெல்லா ஊசி இயக்கம் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் இலக்கு ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேல். தொடங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. ஊசி போட்டால் ஆட்டிசம் வரும், பெண் குழந்தைகளுக்குப் பின்னால் பிள்ளைப்பேறு இருக்காது, வெளிநாட்டில் தடை செய்த மருந்தை நம் பிள்ளைகள் மேல் சோதிக்கிறார்கள் என்றெல்லாம் அவற்றில் சொன்னார்கள். ஆட்டிசக் கதையின் மூலம் 1998இல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை. வெறும் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதியது அது. எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் நேர்மையீனம் வெளிப்பட்டு, 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. பிரிட்டனில் அவர் மருத்துவம் பார்க்கும் உரிமையையும் இழந்தார். 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகம் துளியும் இல்லை.

அந்த மாதத்தில் ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஒரு தாய் எழுந்து, “ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு ஏன் மறுபடியும் போடுறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிலும் எளிது: எல்லோருக்கும் முதல் தவணையிலேயே எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை, விடுபட்டவர்களையும் சேர்த்துப் பிடிப்பதற்குத்தான் இந்த இயக்கம், கூடுதலாக ஒரு தவணையால் கெடுதி இல்லை. ஆனால் மேடையிலிருந்து வந்த பதில், “வதந்திகளை நம்பாதீர்கள்” என்பது மட்டுமே. அந்தத் தாய் உட்கார்ந்துவிட்டார், முகம் இறுகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் கைபேசியைத் திறந்தால் அதே கேள்விக்கு ஐந்து நிமிடம் பொறுமையாக, பரிவான குரலில் ஒரு தவறான பதில் காத்திருக்கிறது. சதிக் கதை ஜெயிப்பது பெரும்பாலும் இப்படித்தான். நாம் காலியாக விட்ட நாற்காலியில் அது வந்து உட்காருகிறது.

சரி, இணையம்தான் காரணமா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் பலரும் அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடுகிறார்கள். நேதாஜி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1945 ஆகஸ்ட் 18இல் தைவானில் நடந்த விமான விபத்தில் அவர் இறக்கவில்லை என்ற நம்பிக்கைக்கு இணையம் தேவைப்படவில்லை. நம் பக்கத்தில் முத்துராமலிங்கத் தேவரே அவர் உயிரோடு இருக்கிறார் என்று வெளிப்படையாகச் சொன்னவர். 1956இல் ஷாநவாஸ் குழு, 1970களில் கோஸ்லா ஆணையம், 1999இல் அமைத்த முகர்ஜி ஆணையம் என்று விசாரணைகள் நடந்தன. முதல் இரண்டும் விபத்தில் இறந்தார் என்றன. மூன்றாவது, அப்படி இல்லை என்றது. அதை அரசு ஏற்கவில்லை. மத்திய அரசிடம் இருந்த கோப்புகளில் பலவும் 2016 வரை பூட்டிக் கிடந்தன. எதையும் மறைத்து வைத்தால் அதைச் சுற்றிக் கதை வளரும். அதற்கு மின்சாரமே வேண்டியதில்லை. அமெரிக்காவில் அதிபர் கென்னடி கொலையில் சதி இருந்தது என்று நம்பியவர்கள் காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 1970களில் சுமார் 81 சதவீதம் வரை போனார்கள். 2023இல் 65 சதவீதம். இணையம் வந்த பிறகு கூடவில்லை. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, பல சதிக் கதைகள் மீதான நம்பிக்கையைப் பழைய கணிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, மொத்தத்தில் அது காலப்போக்கில் கூடியதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. அது பெரும்பாலும் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பற்றியது. அந்த முடிவை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்த எனக்குத் துணிவில்லை.

அப்படியானால் கைபேசி எதை மாற்றியது? மூன்று விஷயங்களை மாற்றியது என்பது என் கணிப்பு. முதலாவது வேகம். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். பொய்ச் செய்திகள் உண்மைச் செய்திகளைவிட மறுபகிர்வு ஆவதற்கு 70 சதவீதம் அதிக வாய்ப்பு இருந்தது. முக்கியமாக, அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்கள்தான். பொய் புதுமையாக இருக்கிறது, ஆச்சரியப்படுத்துகிறது. ஆனால் யாராவது சரிபார்த்த செய்திகளை மட்டுமே வைத்து நடந்த ஆய்வு அது. நம் ஊர் நிலவரத்துக்கு முக்கியமான வாட்ஸ்அப்பை இப்படி அளக்கவே முடியாது, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்திகள் மறைகுறியாக்கப்பட்டவை.

இரண்டாவது, திரும்பத் திரும்ப வருவது. 1977லேயே அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் சில வாக்கியங்களை இரண்டு வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் காட்டி, எது உண்மை என்று கேட்டார்கள். உண்மையோ பொய்யோ, முன்பு பார்த்த வாக்கியம் கூடுதல் உண்மையாகத் தோன்றியது. இந்தத் துறையில் மிக உறுதியாக நிலைத்து நிற்கும் முடிவுகளில் இது ஒன்று. இப்போது உங்கள் அப்பா ஐந்து குழுக்களில் இருந்தால், ஒரே பதிவு ஐந்து தடவை வரும். ஐந்து பேர் தனித்தனியாக உறுதி செய்ததுபோல் தெரியும். உண்மையில் ஒரே இடத்திலிருந்து கிளம்பியது அது.

மூன்றாவதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். செய்தி எங்கிருந்து கிளம்பியது என்பது அழிந்து, கடைசியாக அனுப்பியவர் முகம் மட்டுமே ஒட்டிக்கொள்கிறது. தினத்தாளில் வந்தால் அது தினத்தாள் சொன்னது. வாட்ஸ்அப்பில் வந்தால் அது மாமா சொன்னது. மாமாவை எப்படிச் சந்தேகப்படுவது? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரே கூடி அடித்ததில் இறந்துபோனார். அந்த நாட்களில் இந்தியா முழுவதும் பீதி கிளப்பிய காணொளிகளில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்தது. கடைசியில் வரும் விளக்கத்தை யாரோ வெட்டிவிட்டார்கள். கராச்சியில் எடுத்த படம் நம் பக்கத்து ஊரில் நடந்ததுபோல் தெரிந்தது, ஏனென்றால் அனுப்பியவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றது. வேகம் குறைந்தது. மாமாவின் முகம் அப்படியே இருக்கிறது.

இணையத்தில் நம்பிக்கையோடு சொல்லப்படும் சில விஷயங்கள் அவ்வளவு உறுதியானவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தேடினால் அகப்படும். “சதிக் கதை நம்புகிறவர்கள் ஒன்றுக்கொன்று முரணானவற்றையும் சேர்த்து நம்புவார்கள், பிரிட்டன் இளவரசி டயானா கொலை செய்யப்பட்டார் என்றும் நம்புவார்கள், உயிரோடு ஒளிந்திருக்கிறார் என்றும் நம்புவார்கள்” என்று 2012 ஆய்வு ஒன்றைக் காட்டுவார்கள். 2023இல் வேறு ஆய்வாளர்கள் அதை மறுபடி சோதித்தபோது, இரண்டையுமே நம்பாதவர்கள் அதிகமாக இருந்ததால் வந்த தோற்றம் அது என்று காட்டினார்கள். “ஆதாரம் காட்டினால் இன்னும் பிடிவாதமாகிவிடுவார்கள், அதனால் பேசிப் பயனில்லை” என்பதும் அப்படித்தான். 2010இல் வந்த ஆய்வு அப்படிச் சொன்னது. பின்னால் பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட விஷயங்களில் சோதித்தபோது அது கிட்டத்தட்ட எங்கேயும் தென்படவில்லை. இது உங்களுக்கு நல்ல செய்தி. பேசலாம், பயன் உண்டு.

எப்படிப் பேசுவது? 2024இல் வெளியான ஆய்வு ஒன்றில், சதிக் கதையை நம்பிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை, அவரவர் சொன்ன காரணத்துக்கு மட்டும் குறிப்பாகப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்றோடு உரையாட வைத்தார்கள். நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. இயந்திரத்தைப் பயன்படுத்துங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பொதுவாக அறிவுரை சொல்லாமல், அவருடைய காரணம் என்னவோ அதைக் கேட்டு, அதற்கு மட்டும் பதில் சொன்னால் மனிதர்கள் அசைகிறார்கள் என்பதை அது காட்டுகிறது. என் களத்திலும் அதையே பார்த்தேன். ஊசி வேண்டாம் என்ற வீடுகளில் மறுபடி மறுபடி போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிய கிராம சுகாதார செவிலியர்கள் மாற்றிய மனங்களை, நாங்கள் அடித்து ஒட்டிய சுவரொட்டிகள் மாற்றவில்லை.

அதனால் குடும்பக் குழுவில் அவருக்குப் பதில் போடாதீர்கள். பத்துப் பேர் முன்னால் தோற்க எந்த அப்பாவுக்கும் மனம் வராது. தனியாக உட்கார்ந்து, “இதில் உங்களை அதிகமாக பயமுறுத்துவது எதுப்பா?” என்று கேளுங்கள். பிறகு, முடிந்தவரை குறுக்கே பேசாமல் இருங்கள். அவர் சொல்வதில் உண்மை இருந்தால் அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். உதாரணமாக, கோவிஷீல்டு ஊசியால் ரத்தம் உறையும் அபூர்வப் பாதிப்பு வந்ததை அவர் சொல்லலாம். அது உண்மை. 2021லேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் அதை அறிவித்தார்கள். பிரிட்டனில் அது லட்சம் பேருக்கு ஓரிருவர் என்ற அளவில் இருந்தது. 2024இல் லண்டன் நீதிமன்ற வழக்கு வழியாக அது மறுபடி செய்தியானபோது இங்கே பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். மறைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு எங்கள் மேல் விழுவது நியாயம். நாங்கள் முன்பே சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், அவர் பொறியாளர் என்பதால் ஒரு கணக்கை அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். ஜெயிப்பதற்காக இல்லை, கூடச் சேர்ந்து யோசிப்பதற்காக. இந்தியாவில் 220 கோடி தவணைகள் கொரோனா ஊசி போடப்பட்டிருக்கிறது. இது மக்கள்தொகையைக் குறைக்கும் திட்டம் என்றால் என்ன தெரிந்திருக்க வேண்டும்? 2023இல் உலகிலேயே அதிக மக்கள்தொகை கொண்ட நாடாக இந்தியா ஆகிவிட்டது என்று ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. அவர் கூடப் படித்தவர்களில் போலியோவால் கால் சூம்பிப் போனவர் நிச்சயம் யாராவது இருப்பார். அவரைப் பற்றிக் கேளுங்கள். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட சிறுமி. உங்கள் குழந்தையின் வகுப்பில் அப்படி யாரும் இருக்கப்போவதில்லை. இது சொட்டு மருந்து செய்தது. அவர் கண் முன்னாலேயே நடந்தது. அவர் நம்பும் வரிசையில் அவருடைய சொந்த நினைவையும் சேர்த்துவிடுகிறீர்கள்.

ஒன்றை அவரிடம் தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் கொரோனா ஊசியே கிடையாது. அவருடைய பயம் ஒன்றைப் பற்றியது. தடுத்துக்கொண்டிருப்பதோ வேறு ஊசிகளை. பல வீடுகளில் இதைச் சொன்னதுமே பாதி இறுக்கம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் இல்லை. சிலர் கடைசிவரை மாறவே இல்லை. அந்த வீடுகளில் என்ன வேறுவிதமாகச் செய்திருக்கலாம் என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது.

குழந்தைக்கு எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் ஐந்து நோய்களுக்கான ஊசியும், அதோடு சொட்டு மருந்தும். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லா முதல் தவணை. இரண்டாவது பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள். தவறியிருந்தாலும் கவலை வேண்டாம், பெரும்பாலானவற்றைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம், செவிலியரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். அப்பா மனம் மாறும் வரை காத்திருக்காதீர்கள். தட்டம்மை மிக எளிதில் தொற்றும். நோய் வந்த ஒரு குழந்தையிடமிருந்து, ஊசி போடாத பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பரவும். தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் ஊசி போடும் நாள். காலையில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்பாவையும் கூப்பிடுங்கள். வந்தால் செவிலியரிடம் அவரே கேள்வி கேட்கட்டும்; ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் ஏன் உட்கார வைக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும், பாதிப்பு வந்தால் யார் பதிவு செய்வார்கள் என்று எல்லாவற்றையும் கேட்கட்டும். வரமாட்டேன் என்றால் நீங்கள் போட்டுக்கொண்டு வந்து, அதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இரவு குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தால் அது பெரும்பாலும் ஊசியால்தான், பொதுவாக இரண்டு நாளில் சரியாகிவிடும் என்பதையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.